டப்பாவை இப்போதைக்குத் திறக்காதே, வசந்தா

திருவையாறு,
ஆடி 8

அன்புள்ள வசந்தா,

உன் கடிதம் முந்தாநாள் வந்தது. அண்ணனுக்கு அல்சைமர் என்ற மறதி நோய்தான் என்று டாக்டர் சொல்லிவிட்டார் என்ற வரியைத் தாண்டிப் போகவே எனக்கு நேரமாயிற்று. முப்பத்தைந்து வருஷம் தபால் பிரித்த மனுஷர். எந்தத் தெருவில் யார் எந்த வீட்டுக்குக் குடி மாறினார்கள் என்பதுகூட அவர் விரல் நுனியில் இருக்கும். அவர் திண்ணையில் உட்கார்ந்துகொண்டு "நம்ம வீட்டுக்கு எப்பப் போறோம்?" என்று உன்னைக் கேட்கிறார் என்று படித்தபோது, என் அப்பாவின் குரலே காதில் விழுந்தது. ஆறு வருஷம் அவரைப் பார்த்துக்கொண்டவள் நான். அதனால் மனதில் இருப்பதையெல்லாம் எழுதிவிடுகிறேன்.

முதலில், கார்த்தி அனுப்பிய மாத்திரைகளை அண்ணனுக்குக் கொடுக்கலாமா என்று நீ கேட்டதற்குப் பதில். கார்த்தி சிங்கப்பூரில் சீன மருந்துக் கடையில் வாங்கி அனுப்பிய ஹூபர்சின், கிங்கோ இரண்டு டப்பாவையும் இப்போதைக்குத் திறக்காதே. தூக்கியும் போட வேண்டாம். அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது இரண்டையும் கையோடு கொண்டுபோய்க் காட்டு. பிள்ளை தூரத்தில் இருந்துகொண்டு தவித்து வாங்கி அனுப்பியிருக்கிறான், அவனைக் கடிந்துகொள்ளாதே.

ஏன் சொல்கிறேன் என்றால், இந்தத் தப்பை நான் செய்தேன். அப்பாவுக்கு டாக்டர் டோனெபெசில் எழுதிக் கொடுத்திருந்தார். அதில் பெரிய மாற்றம் ஒன்றும் தெரியவில்லை என்று எனக்கு ஆதங்கம். தெரிந்தவர் ஒருவர் இதே ஹூபர்சின் என்ற சீன மூலிகை மாத்திரையைக் கொண்டுவந்து கொடுத்தார். மூலிகைதானே, என்ன செய்யப்போகிறது என்று யாரிடமும் சொல்லாமல் காலையும் இரவும் கொடுத்தேன். நாலாவது நாள் வாந்தியும் வயிற்றுப்போக்கும். ஐந்தாம் நாள் விடியற்காலையில் கொல்லைப்புறம் போனவர் கிணற்றடியில் மயங்கி விழுந்துவிட்டார். ஆஸ்பத்திரியில் நாடி பார்த்தால் நிமிஷத்துக்கு 42. அப்போதுதான் டாக்டர் விளக்கினார். மூளையில் ஞாபகத்துக்கு வேண்டிய அசிடைல்கோலின் என்ற பொருளைச் சிதைக்கும் நொதி ஒன்று உண்டு. டோனெபெசில் அந்த நொதியைத் தடுக்கும் மருந்து. ஹூபர்சினும் அச்சாக அதே வேலையைத்தான் செய்கிறது. இரண்டையும் சேர்த்துக் கொடுத்தால் மருந்தை இரட்டிப்பாகக் கொடுத்த மாதிரி. இதயத்துடிப்பு இறங்கும், குடல் கலங்கும். கிணற்றுச் சுவர் உயரமாக இருந்ததால் அப்பா பிழைத்தார், வசந்தா. அந்த விடியற்காலை இன்னும் எனக்கு மறக்கவில்லை.

அதற்குப் பிறகுதான் இதைப் பற்றித் தேடித் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். அந்த மூலிகைக்குச் சீனத்தில் 'ஆயிரம் அடுக்குக் கோபுரம்' என்று பொருள்படும் பெயராம். பாசி போலத் தெரியும் ஒரு சிறு செடி. வீக்கம், அடிபட்ட காயம் என்று பழைய வைத்தியத்தில் பயன்படுத்தியிருக்கிறார்கள். அதிலிருந்து ஹூபர்சினைப் பிரித்தெடுத்தது சீன விஞ்ஞானிகள், 1980களில். சீனாவில் அது அங்கீகாரம் பெற்ற மருந்து. அமெரிக்காவில் நடந்த ஆய்வொன்றின் முடிவு 2011இல் வந்தது. வழக்கமாகக் கொடுக்கிற அளவில் ஞாபகசக்திக்குப் பலன் தெரியவில்லை என்றுதான் அதில் இருக்கிறது.

இன்னொரு டப்பா கிங்கோ என்று எழுதியிருந்தாய். அது சீனத்து மரம்தான். ஆனால் அங்கே பழைய வைத்தியத்தில் கொட்டைக்குத்தான் மதிப்பு. இலைச்சாற்றை மாத்திரையாக்கி உலகமெல்லாம் பரப்பியது ஜெர்மனிக்காரர்கள். அமெரிக்காவில் 75 வயதுக்கு மேற்பட்டவர்கள் 3,000 பேருக்கு மேல் சேர்த்து, தினம் இரண்டு வேளை 120 மில்லிகிராம் வீதம் ஆறு வருஷம் போலக் கொடுத்துப் பார்த்தார்கள். மறதி நோய் வருவது குறையவில்லை. 2008இல் அந்த முடிவு வந்தது. இதைவிட எனக்குப் பயம் வேறொன்றில். அண்ணனுக்கு ஸ்டென்ட் வைத்து, ரத்தம் உறையாமல் இருக்க ஆஸ்பிரினும் க்ளோபிடோக்ரலும் சாப்பிடுகிறார் இல்லையா? கிங்கோவும் சேர்ந்தால் ரத்தக்கசிவு ஆகலாம். வயதானவர் எங்காவது தலையில் இடித்துக்கொண்டால் என்ன ஆகும் என்று யோசித்துப் பார்.

சீன வைத்தியம் என்றாலே வேண்டாம் என்று நான் சொல்வதாக நினைக்காதே. மலேரியா மருந்து ஆர்டிமிசினினைப் பழைய சீன ஏட்டின் வழிகாட்டுதலில் கண்டெடுத்தவர் தூ யூயூ. 2015இல் நோபல் பரிசு வாங்கினார். மூலிகையில் சத்து இருக்கிறது. சத்து இருப்பதால்தான் அளவும் சேர்மானமும் பார்க்க வேண்டியிருக்கிறது.

அவர்கள் இந்த நோயைப் பார்க்கிற விதம் எனக்குப் பிடிக்கிறது. மூளையை 'மஜ்ஜைக் கடல்' என்கிறார்கள். சிறுநீரகத்தின் சாரம்தான் அந்தக் கடலை நிரப்புகிறது, வயதாக ஆக அது வற்றுகிறது, கபம் ஏறிப் புலன்களின் வாசலை அடைக்கிறது என்பது அவர்கள் கணக்கு. உடற்கூறு படித்தவர்கள் இதை ஒப்பமாட்டார்கள்தான். ஆனால் மூளையை மட்டும் தனியாகப் பார்க்காமல் சாப்பாடு, தூக்கம், மலச்சிக்கல், மனக்கவலை என்று எல்லாவற்றையும் விசாரிக்கிறார்கள் பார், அது சரியான விசாரணை. 7ஆம் நூற்றாண்டில் சுன் சிமியாவ் என்ற வைத்தியர் மறதிக்கு ஒரு பொடி எழுதிவைத்தார். 'மனம் திறக்கும் பொடி' என்று பொருள். அதில் நாலு சரக்கு. ஒன்று நம் வசம்புக்குப் பங்காளி! குழந்தைக்கு உரைத்துக் கொடுப்பார்களே, ராத்திரியில் பேர் சொல்லக்கூடாது என்று 'பிள்ளை வளர்ப்பான்' என்பாளே உன் பாட்டி, அதே வசம்பு. உடனே இடித்து அண்ணனுக்குக் கொடுத்துவிடாதே. அதிலுள்ள அசரோன் என்ற பொருள் எலிகளுக்குப் புற்றுநோய் உண்டாக்கியதால் அமெரிக்காவில் 1968லேயே உணவில் சேர்க்கத் தடை போட்டார்கள்.

அப்புறம், டாக்டரிடம் இதையும் கேள். பி12 வைட்டமின், தைராய்டு ரெண்டும் பார்த்தாயிற்றா? அவை குறைந்தாலும் மறதி கூடும், சரிசெய்ய முடியும். தூக்க மாத்திரை, சளி மாத்திரை சிலவும் புத்தியை மந்தமாக்கும். எல்லா மாத்திரைகளையும் ஒரு மஞ்சள் பையில் போட்டு அப்படியே மேஜைமேல் கொட்டிக் காட்டு.

காதும் கண்ணும் பார். எனக்கு மிகப் பெரிய வருத்தம் இதுதான். அப்பாவுக்குப் பத்து வருஷமாகக் காது மந்தம். நாங்கள் சத்தமாகப் பேசிச் சமாளித்தோமே தவிரக் கருவி வாங்கித் தரவில்லை. மெல்ல மெல்ல அவர் பேச்சில் கலந்துகொள்வதையே விட்டுவிட்டார். லான்செட் என்ற மருத்துவ இதழின் நிபுணர் குழு 2024இல் மறதி நோய்க்கு வழிவிடும் 14 காரணங்களைப் பட்டியல் போட்டது. காது கேளாமை, சர்க்கரை, ரத்த அழுத்தம், கெட்ட கொழுப்பு, தனிமை எல்லாம் அதில் உண்டு. இவற்றையெல்லாம் சரிசெய்தால் உலகில் மறதி நோய்க்கு ஆளாகிறவர்களில் கிட்டத்தட்ட 45 சதவீதம் பேருக்கு நோய் வராமலோ தள்ளிப்போகவோ செய்யலாம் என்கிறார்கள். வந்த பிறகு திருப்ப முடியாது என்பதும் உண்மை. ஆனால் அண்ணனுக்குச் சர்க்கரையும் அழுத்தமும் கட்டுக்குள் இருந்தால் இருப்பதாவது சீக்கிரம் கரையாமல் இருக்க உதவலாம். உனக்கும் எனக்கும் அறுபத்தாறு ஆகிறது. நமக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன்.

பின்லாந்தில் 60 முதல் 77 வயது வரை 1,260 பேரை இரண்டு வருஷம் வைத்துப் பார்த்தார்கள். நல்ல சாப்பாடு, உடற்பயிற்சி, மூளைக்கு வேலை, ரத்த அழுத்தக் கவனிப்பு எல்லாம் சேர்த்துச் செய்தவர்களுக்கு மூளைத்திறன் கொஞ்சம் நன்றாகவே நின்றது. சீனாவில் காலையில் தை ச்சி என்று மெதுவாகக் கை கால் வீசுகிறார்களே, அதுவும் இந்த வகைதான். அண்ணனுக்கு அது எதற்கு? சாயங்காலம் அவரோடு கோயில் பிராகாரத்தை மூன்று சுற்று சுற்றி வா. வயல் வரப்பில் வல்லாரை கிடக்கும், துவையல் அரைத்துப் போடு. மருந்தென்று நம்ப வேண்டாம், கீரையென்று போடு. மத்தி மீன், வேர்க்கடலை, காய். சோற்றை ஒரு கரண்டி குறை.

ஒன்றை மட்டும் விட்டுவிடாதே. வாய்க்காலெல்லாம் தண்ணீர் வந்துவிட்டது. அப்பா விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து "முறைத்தண்ணி பார்க்கணும்" என்று கிளம்பிவிடுவார். அது அலைச்சல் இல்லை, வசந்தா, அவருக்கு அது வேலை. அண்ணன் தபாலாபீசுக்குக் கிளம்பக்கூடும். வாசல் கேட்டுக்கு மேல் பக்கமாகத் தாழ்ப்பாள் வை. சட்டைப் பையின் உள்பக்கம் உன் போன் நம்பரைத் தைத்துவிடு.

கடைசி வருஷம் அப்பாவுக்கு என் பெயர் போய்விட்டது. அறுவடை முடிந்து களத்தில் நெல் குவிந்திருந்தது. ஏதோ தோன்றி நெல் அளக்கும் மரக்காலை அவர் கையில் கொடுத்தேன். குனிந்து அள்ளினார், உள்ளங்கையால் மரக்காலின் தலை வழித்தார், சாக்கில் கொட்டினார். "லாபம்..." என்று இழுத்தார். அப்புறம் "ரெண்டு". ஒன்று என்று சொல்லவே இல்லை, அந்தக் காலத்து முறை மாறாமல். பன்னிரண்டில் நிறுத்தி, நிமிர்ந்து, "ஒரு கலம்" என்றார். கை பழகிய வேலை இருக்கும் இடம் மூளையில் வேறு, நோய் அதைத் தாமதமாகத்தான் தொடும் என்று பிறகு படித்தேன்.

ஆடிப்பெருக்கு முடிந்ததும் மன்னார்குடிக்கு வருகிறேன். ரெண்டு நாள் தங்குவேன், நீ தூங்கு. வீட்டில் இருக்கும் பழைய உறைகளையெல்லாம் சேர்த்து வை, அண்ணனுக்குப் பிரிக்கக் கொடுப்போம். போனில் பேசாமல் இதைத் தபாலில் போடுவதும் அதற்குத்தான். உறையை நீ வாங்கிக்கொள்ளாதே, அவர் கையில் கிடைக்கட்டும். முத்திரை எந்த ஊர் என்று கேட்டு, என்ன சொன்னார் என்று எழுது.

உன்,
செண்பகம்