இரண்டு காசு போட்ட விதவைக்கு முன்னும் பின்னும்

அன்புள்ள தங்கைக்கு,

கர்த்தருக்குள் வாழ்த்துகள். உன் கடிதத்தைப் படித்தேன். "வேதக் கதைகளை இப்படிப் புரட்டிப் புரட்டிக் கேள்வி கேட்டுக்கொண்டே போனால் கடைசியில் விசுவாசம் மிஞ்சுமா?" என்று சபையில் ஒரு பெரியவர் உன்னிடம் கேட்டதாக எழுதியிருந்தாய். ஞாயிறு பள்ளியில் பாடம் எடுக்கிறவள் நீ. இந்தக் கேள்வி உனக்கு மறுபடி மறுபடி வரும். உன்னைப்போல் இன்னும் பலருக்கும் வருவதால்தான் பதிலை எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

மிஞ்சும். எனக்கு அதில் சந்தேகமே இல்லை. சின்ன வயதிலிருந்து நம் காதில் விழுந்ததில் பாதி வசனம், பாதி பிரசங்கம். இரண்டும் ஒட்டிப்போய், எது எது என்று தெரியாமலே மனதில் தங்கிவிட்டன. பிரித்துப் பார்க்கும்போது உதிர்வது பெரும்பாலும் பிரசங்கத்தின் பக்கம்தான்.

மாற்கு 12-ஆம் அதிகாரத்தின் கடைசியில் வரும் ஏழை விதவையை எடுத்துக்கொள். காணிக்கைப் பெட்டிக்கு எதிரே இயேசு உட்கார்ந்திருக்கிறார். ஐசுவரியவான்கள் அதிகமதிகமாய்ப் போடுகிறார்கள். அவள் வந்து இரண்டு காசு போடுகிறாள். அந்தக் காலத்துக் கூலியாளின் ஒரு நாள் சம்பளத்தை 64 பங்காக்கினால் அதில் ஒரு பங்குதான் அது. காணிக்கை எடுக்கும் நேரத்தில் இந்தக் கதையை எத்தனை முறை கேட்டிருப்போம்! ஏழையாக இருந்தாலும் உள்ளதையெல்லாம் கொடுங்கள் என்று முடியும்.

சரி, அவளுக்கு முந்தின வசனங்களைப் படி. நீண்ட அங்கி போட்டுக்கொண்டு, சந்தைவெளிகளில் வணக்கம் எதிர்பார்த்து, ஜெப ஆலயத்தில் முதல் இருக்கை தேடும் வேதபாரகரை, அதாவது நியாயப்பிரமாணத்தைப் போதிக்கிறவர்களைக் குறித்து எச்சரிக்கையாயிருங்கள் என்கிறார் இயேசு. அதே மூச்சில், அவர்கள் விதவைகளின் வீடுகளைப் பட்சிக்கிறார்கள் என்கிறார். அடுத்த காட்சியிலேயே ஒரு விதவை வந்து, பிழைப்புக்கு வைத்திருந்தது அத்தனையையும் பெட்டியில் போட்டுவிட்டுப் போகிறாள். அப்புறம் என்ன நடக்கிறது? தேவாலயத்தை விட்டு வெளியே வரும்போது ஒரு சீஷன் கட்டடத்தைக் காட்டி, "எப்படிப்பட்ட கல்லுகள் பாரும்" என்று வியக்கிறான். ஒரு கல்லின்மேல் ஒரு கல் இராதபடி எல்லாம் இடிக்கப்படும் என்று பதில் வருகிறது. கி.பி. 70-ல் ரோமப் படை அதை இடித்தும் விட்டது.

மூன்றையும் சேர்த்துப் படித்தால் அந்த இரண்டு காசு மனதை அறுக்கிறது. விதவைகளின் வீடுகளை விழுங்குகிறார்கள் என்று சொல்லி வாய் மூடுவதற்குள் ஒருத்தி கண்ணெதிரே கடைசிக் காசையும் இழக்கிறாள். நியாயப்பிரமாணத்தில் பணம் ஓட வேண்டிய திசையே வேறு. மூன்றாம் வருஷத் தசமபாகத்தில் லேவியன், பரதேசி, திக்கற்ற பிள்ளை, விதவை ஆகியோர் சாப்பிட்டுத் திருப்தியாக வேண்டும் என்று உபாகமம் 14 சொல்கிறது. அவள் வாங்கிக்கொள்ள வேண்டியவள்.

அவள் அன்பை நான் குறைத்துச் சொல்லவில்லை. மற்றெல்லாரையும்விட அவள் அதிகமாய்ப் போட்டாள் என்று இயேசுவே சொன்னார். ஆனால் அதற்குமேல் அவர் சொல்லாத ஒன்றை நாம் சேர்த்துவிட்டோம். நல்ல சமாரியன் கதையை முடிக்கும்போது "நீயும் போய் அந்தப்படியே செய்" என்று கட்டளையிட்டாரே, அது இங்கே இல்லை. சீஷர்களைக் கூப்பிட்டு அவளைக் காட்டுகிறார், அவ்வளவுதான். இதை வைத்து ஏழையின் கையிலிருப்பதைக் கேட்கிறவர்கள், இரண்டு வசனம் முன்னால் போய்த் தங்களைத் தேடிப் பார்க்கட்டும்.

முன்னும் பின்னும் நம் கண்ணில் படாமல் போனதற்கு ஒரு சாதாரணக் காரணமும் உண்டு. அதிகாரப் பிரிவுகள் 13-ஆம் நூற்றாண்டில் வந்தவை. இங்கிலாந்துப் பேராயர் ஸ்டீபன் லாங்டன் பிரித்தது என்பார்கள். புதிய ஏற்பாட்டுக்கு இப்போதுள்ள வசன எண்களை ராபர்ட் எஸ்தியேன் 1551-ல் அச்சிட்டார். மாற்கு எழுதியபோது எண்ணும் இல்லை, பிரிவும் இல்லை. விதவை போவதற்கும் ஆலயக் கல் இடிவதற்கும் நடுவில் நமக்குத்தான் ஓர் அதிகாரம் முடிந்துவிடுகிறது. ஒரு ஞாயிறு அதோடு முடிந்துவிடும்.

இதே அளவு கவனத்தோடு யோவான் 4-ஐயும் படி. கிணற்றருகே இயேசு தண்ணீர் கேட்டுப் பேசிய சமாரியப் பெண் என்றாலே நமக்கு "நடத்தை கெட்டவள்" என்ற சித்திரம்தான். ஊரார் முகத்தில் விழிக்க வெட்கப்பட்டு உச்சிவேளையில் தண்ணீர் எடுக்க வந்தாள் என்று சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். நேரத்தை வசனம் சொல்கிறது. வெட்கத்தைச் சொல்லவில்லை. ஐந்து புருஷர் இருந்தார்கள் என்கிறார் இயேசு. ஏன் ஐந்து என்று சொல்லவில்லை. செத்திருக்கலாம், தள்ளுதற்சீட்டு, அதாவது விவாகரத்துச் சீட்டு, எழுதிக் கொடுத்துத் துரத்தியிருக்கலாம். உபாகமம் 24-ன்படி அந்தச் சீட்டை எழுதுகிறவன் புருஷன்தான். மாற்கு 12-லேயே, உயிர்த்தெழுதல் இல்லை என்று சாதித்த யூதப் பிரிவினரான சதுசேயர் ஒரு கதை சொல்கிறார்கள்: ஏழு சகோதரர் ஒருவர்பின் ஒருவராய் இறக்க, ஏழு பேருக்கும் மனைவியான ஒருத்தி. அவளை எந்தப் பிரசங்கியும் விபசாரி என்று சொன்னதில்லை. இவளை மட்டும் ஏன்?

யோவானின் அடுத்த அதிகாரத்தில் பெதஸ்தா குளத்தருகே குணமான மனுஷனிடம் "அதிகக் கேடானதொன்றும் உனக்கு வராதபடி இனிப் பாவஞ்செய்யாதே" என்று எச்சரிக்கிற இயேசு, இந்தப் பெண்ணிடம் பாவம் என்ற பேச்சையே எடுக்கவில்லை. அவளும் கூசி நிற்கவில்லை. தொழுதுகொள்ள வேண்டியது இந்த மலையிலா, எருசலேமிலா என்று யூதருக்கும் சமாரியருக்கும் நடுவே கொதித்துக்கொண்டிருந்த விவகாரத்தை நேராக எடுத்து வைக்கிறாள். தாம் மேசியா என்பதை அவர் வாய்திறந்து அவளிடம் சொல்கிறார். குடத்தை அங்கேயே வைத்துவிட்டு ஓடுகிறாள். அவள் சாட்சியைக் கேட்டு அந்த ஊரில் அநேகர் விசுவாசிக்கிறார்கள். முகத்தில் விழிக்கக்கூடாத ஒருத்தியின் பேச்சைக் கேட்டு ஊரே கிளம்பி வருமா? கிழக்கத்திய சபைகள் அவளை அப்போஸ்தலருக்குச் சமமான பரிசுத்தவாட்டியாக வைத்திருக்கின்றன. நாம் அவள் கணவர்களை எண்ணிக்கொண்டிருக்கிறோம்.

இப்படிப் பழி இடம் மாறிய கதைகளைத் தேடினால் வந்துகொண்டே இருக்கும். பத்சேபாள் மொட்டை மாடியில் குளித்து ராஜாவை மயக்கினாள் என்பார்கள். 2 சாமுவேல் 11-ல் உப்பரிகையின்மேல் உலாவினவன் தாவீது. தாவீதைக் கண்டிக்க நாத்தான் தீர்க்கதரிசி சொன்ன உவமையிலும் குற்றவாளி, ஏழையின் ஒரே ஆட்டுக்குட்டியைப் பறித்த ஐசுவரியவான்தான், ஆட்டுக்குட்டி இல்லை. மகதலேனா மரியாளை லூக்கா 7-ன் பாவியான ஸ்திரீயோடு 591-ல் ஒரு பிரசங்கத்தில் சேர்த்தவர் போப் முதலாம் கிரெகோரி. அந்தக் குழப்பத்தைக் கத்தோலிக்கத் திருச்சபையே 1969 நாட்காட்டித் திருத்தத்தில் விட்டுவிட்டது. 2016-ல் அவள் நினைவுநாளை விழாவாக உயர்த்தியது. உயிர்த்தெழுந்த ஆண்டவரை முதலில் கண்டவளுக்கு எவ்வளவு தாமதமான மரியாதை!

விசுவாசம் மிஞ்சுமா என்ற கேள்விக்கு வருகிறேன். எனக்கு மிஞ்சியது, கடைசிக் காசை இழக்கிறவளைக் கவனித்துப் பார்க்கிற இயேசு. வேற்றுச் சாதியாளோடு இறையியல் பேச நேரம் ஒதுக்குகிற இயேசு. இவரை ஆராதிப்பது எனக்கு முன்னைவிட எளிதாக இருக்கிறது. கேள்வி கேட்பது அவிசுவாசம் என்றால் சோதோம் பட்டணத்தை அழிக்காதிருக்க ஐம்பது நீதிமான்களிலிருந்து பத்து வரை தேவனிடம் பேரம் பேசிய ஆபிரகாமை என்ன செய்வது? யோபு பக்கம் பக்கமாகத் தேவனோடு வழக்காடினான். அவன் நண்பர்களோ கடைசி வரை தேவனுக்குப் பரிந்து பேசினார்கள். முடிவில், என் தாசனாகிய யோபைப்போல் நீங்கள் என்னைக் குறித்து நிதானமாய்ப் பேசவில்லை என்று தேவன் கோபித்தது அந்த நண்பர்களிடம்தான். அந்தப் பெரியவரிடம் மரியாதையாகவே இதைச் சொல். அவரும் யோபு புஸ்தகத்தைப் படித்தவர்தானே.

அடுத்த பாடம் யோனா என்று எழுதியிருந்தாய். மீன் படம் வரைய விடு, பிள்ளைகளுக்குப் பிடிக்கும். ஆனால் அந்தப் புஸ்தகத்தின் 48 வசனங்களில் மீன் வருவது மூன்றில்தான். பெரும்பாலான பாடப் புத்தகங்கள் நினிவே மனந்திரும்பியதோடு நிறுத்திவிடும். நீ நாலாம் அதிகாரத்தையும் வாசித்துக்காட்டு. நினிவே அசீரியரின் பட்டணம், யோனாவின் ஜனத்தை நசுக்கிய வல்லரசு. அங்கே போகச் சொல்லி தேவன் அனுப்பியபோது அவன் தர்ஷீசுக்கு ஓடியது பயத்தால் என்று வசனம் சொல்லவில்லை. நீர் இரக்கமுள்ளவர், அவர்களை மன்னித்துவிடுவீர் என்று தெரிந்துதான் ஓடினேன் என்று அவனே கோபத்தோடு சொல்கிறான். ஆமணக்குச் செடி வாடியதற்காகச் சாகும் அளவுக்குக் கோபிக்கிறவனிடம், லட்சத்து இருபதினாயிரத்துக்கும் அதிகமான மனுஷரும் மிருகஜீவன்களும் இருக்கிற பட்டணத்துக்காக நான் பரிதபிக்காமலிருப்பேனோ என்று தேவன் கேட்பதோடு புஸ்தகம் முடிகிறது. யோனா என்ன சொன்னான் என்று எழுதப்படவில்லை. பதிலை நீ சொல்லிவிடாதே. அவனுக்குப் பதிலாகப் பிள்ளைகளைச் சொல்லச் சொல், அவர்கள் சொன்னதை எனக்கு எழுது.

அன்புடன்,
அக்கா