அந்த இரவில் சுற்றிய சைக்ளோஸ்டைல்

மதிப்புக்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். அமெரிக்கக் கறுப்பின மக்களின் உரிமைப் போராட்டம் பற்றிச் சென்ற ஞாயிறு நீங்கள் வெளியிட்ட கட்டுரையை இரண்டு முறை படித்தேன். நல்ல கட்டுரை. ஆனால் ரோசா பார்க்ஸைப் பற்றி எழுதும்போது, தையல்காரரான அவர் நாள் முழுக்கத் தைத்துக் களைத்துப்போனதால் பேருந்தில் வெள்ளைக்காரருக்கு இடம்விட்டு எழ மறுத்தார் என்று ஒரு வரி வருகிறது. இந்த வரியைச் சிறு வயதிலிருந்தே படித்து வருகிறேன். இது தவறு என்பதால் எழுதுகிறேன்.

அன்றைக்கு உடம்பில் வழக்கத்தைவிட அதிகக் களைப்பு ஒன்றும் இல்லை என்று ரோசாவே தன் சுயசரிதையில் சொல்லியிருக்கிறார். அப்போது அவருக்கு வயது 42. அலபாமா மாநிலத்து மாண்ட்கோமரி நகரில், கறுப்பின மக்களின் உரிமைக்காகப் போராடும் என்ஏஏசிபி என்ற அமைப்பின் கிளைக்கு 1943 முதல் செயலாளர். அந்தக் கோடையில்தான் டென்னசி மாநிலத்தில் நிறப் பிரிவினையை ஒழிப்பது பற்றிய ஒரு பயிற்சி முகாமுக்குப் போய் வந்திருந்தார். 1955 டிசம்பர் 1 மாலை அவர் உட்கார்ந்திருந்ததும் வெள்ளையருக்கென ஒதுக்கிய முன்வரிசையில் அல்ல, அதற்குப் பின்னால். நின்றுகொண்டிருந்த வெள்ளைக்காரர் ஒரே ஒருவர். அவர் உட்கார நான்கு கறுப்பினத்தவர் எழ வேண்டும், ஏனென்றால் இரு நிறத்தவரும் ஒரே வரிசையில் உட்காரக்கூடாது. மூன்று பேர் எழுந்தார்கள். ரோசா எழவில்லை, கைதானார்.

சரி, அப்புறம் என்ன ஆனது? கட்டுரையில் அடுத்த வரியிலேயே ஊரே பேருந்தைப் புறக்கணித்துவிடுகிறது. ஊருக்கு யார் சொன்னது?

நான் முப்பத்தொரு வருடம் தட்டச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். அதில் பாதிக் காலம், ஸ்டென்சில் வைத்துப் பிரதிகள் எடுக்கும் சைக்ளோஸ்டைல் இயந்திரத்தோடு போனது. அதனால் ரோசா கைதான அந்த வியாழக்கிழமை இரவைப் பற்றிப் படித்தபோது என் விரல்களே அதைப் படித்தன என்று சொல்ல வேண்டும்.

ஜோ ஆன் ராபின்சன், அலபாமா ஸ்டேட் கல்லூரியின் ஆங்கில ஆசிரியை, அந்த ஊர்க் கறுப்பினப் பெண்களின் அமைப்பான மகளிர் அரசியல் குழுவின் தலைவி. 1949இல் ஏறக்குறைய காலியாக இருந்த ஒரு பேருந்தில் முன்பக்கம் உட்கார்ந்ததற்காக ஓட்டுநர் கத்த, அழுதுகொண்டே இறங்கி ஓடியவர். அதை அவர் மறக்கவில்லை. 1954 மே மாதமே நகர மேயருக்குக் கடிதம் எழுதி, நிலைமை மாறாவிட்டால் புறக்கணிப்பு வரும் என்று எச்சரித்திருந்தார். ரோசா கைதான செய்தி தெரிந்ததும் நள்ளிரவில் கல்லூரிக்குப் போனார். கூட ஒரு சக ஆசிரியர், இரண்டு மாணவர்கள். விடிவதற்குள் பல்லாயிரம் துண்டறிக்கைகளை அடித்து முடித்தார்கள். ஒரு தாளில் மூன்று வீதம் அடித்து, வெட்டி, கட்டுக் கட்டினார்கள்.

இது எவ்வளவு வேலை என்று இன்றைக்கு யாருக்கும் தெரியாது. மெழுகு ஸ்டென்சிலில் ரிப்பனை விலக்கிவிட்டுத் தட்ட வேண்டும். கொஞ்சம் அழுத்தித் தட்டினால் எழுத்தின் வட்டத்துக்குள் இருக்கும் துண்டு பிய்ந்து விழும். ஆயிரக்கணக்கில் ஓட்டினால் ஸ்டென்சில் சுருங்கும், கிழியும். தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டும். நக இடுக்கில் ஏறிய மை இரண்டு நாளைக்குப் போகாது. ஐந்நூறு சுற்றறிக்கை ஓட்டிய நாளில் எனக்குத் தோள் தூக்க முடியாது. ராபின்சனோ, விடிந்ததும் எட்டு மணி வகுப்பை நடத்திவிட்டு, இரண்டு மாணவர்களோடு காரில் கிளம்பிப் பள்ளிகள், கடைகள், முடிதிருத்தும் நிலையங்கள் என்று கட்டுகளை இறக்கியிருக்கிறார்.

அந்தத் துண்டறிக்கையில் ரோசாவின் பெயரே இல்லை. இன்னொரு கறுப்பினப் பெண் கைதாகியிருக்கிறார் என்று தொடங்குகிறது. அடுத்த முறை அது நீங்களாகவோ, உங்கள் மகளாகவோ, தாயாகவோ இருக்கலாம் என்கிறது. பேருந்தில் போகிறவர்களில் நான்கில் மூன்று பங்கு நாம்தான், நாம் ஏறாவிட்டால் பேருந்து ஓடாது என்கிறது. திங்கட்கிழமை ஏற வேண்டாம், அவ்வளவுதான் கேட்கிறது. அந்த ஒரு நாள் 381 நாளாக நீண்டது.

மார்ட்டின் லூதர் கிங் பற்றிக் கட்டுரையில் நிறைய இருப்பதால் அதற்குள் போகவில்லை. ஆனால் வழக்கைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பேருந்தில் நிறப் பிரிவினை செல்லாது என்று 1956 நவம்பரில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்த வழக்கில் ரோசா வாதி அல்ல. வாதிகளாக நின்றவர்கள் ஆரீலியா பிரவுடர், சூசி மெக்டொனால்ட், மேரி லூயிஸ் ஸ்மித், கிளாடெட் கோல்வின் என்ற நான்கு பெண்கள். கோல்வின், ரோசாவுக்கு ஒன்பது மாதம் முன்பே அதே ஊரில் எழ மறுத்துக் கைதான பள்ளிச் சிறுமி. அப்போது வயது 15. அந்தப் பிள்ளையின் பெயரையாவது போட்டிருக்கக் கூடாதா என்று எனக்கு உண்மையாகவே வருத்தமாக இருந்தது.

ராபின்சன் வீட்டு ஜன்னலைக் கல்லால் உடைத்தார்கள். காரில் அமிலத்தை ஊற்றினார்கள். ஊற்றியவர்கள் காவலர் சீருடையில் இருந்தார்கள். ஓட்டை விழுந்த அந்தக் காரையே அவர் தொடர்ந்து ஓட்டினார். 1960இல் அந்தக் கல்லூரியை விட்டே போக வேண்டியதாயிற்று.

கட்டுரையைப் பள்ளிப் பிள்ளைகளும் படிப்பார்கள். திருத்தம் வெளியிடும்போது களைப்பு பற்றிய வரியை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் ராபின்சனும் வாதிகள் நால்வருமாக இந்த ஐந்து பெண்களின் பெயர்களையும் முழுமையாகப் போடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தட்டச்சர், உங்கள் நீண்டநாள் வாசகி