ஆக்சிலோடு அந்தத் தகட்டையும் கொடுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

கரடுமுரடான பாதையில் ஓட்டும் வண்டிகளைப் பற்றி உங்கள் வாகனப் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். பின் ஆக்சில் (சக்கர அச்சு) பலவீனமாக இருந்தால் பழைய வண்டியில் கழற்றிய ஒன்றை வாங்கி மாட்டிக்கொள்ளலாம், செலவு குறைவு என்று ஒரே வரியில் முடித்திருந்தார்கள். சொன்னது தப்பில்லை. ஆனால் அதையே நம்பி இறங்கிய ஆள் நான். பணம் எங்கே போனது என்பதை எழுதாமல் இருக்க மனம் வரவில்லை.

என்னுடையது 1994ஆம் வருடத்து ஜீப் செரோக்கி. பின்னால் டேனா 35 ஆக்சில். தார்ச் சாலைக்கு அது போதும். பெரிய டயரைப் போட்டுப் பாறையில் ஏற்றினால் தாங்காது. ஒரு காய்ந்த ஓடையில் மெதுவாக ஏறிக்கொண்டிருந்தேன். டக் என்று ஒரு சத்தம். இறங்கிப் பார்த்தால் இடது பின் சக்கரம், அதைச் சுற்றும் தண்டான ஷாஃப்டோடு நாலு விரல் வெளியே வந்து நிற்கிறது. அந்த ஷாஃப்டை உள்ளே பிடித்து வைத்திருப்பது நுனியில் மாட்டிய சி எழுத்து வடிவச் சின்னஞ்சிறு சி கிளிப்தான். ஷாஃப்ட் முறிந்துவிட்டால் அப்புறம் சக்கரத்தை இழுத்துப் பிடிக்க எதுவும் கிடையாது. வேகமாகப் போகும்போது இது நடந்திருந்தால் என்ற நினைப்பில் அன்று இரவு தூக்கமே வரவில்லை.

சரி, வேறு ஆக்சில் போட்டுவிடலாம் என்று விசாரித்தேன். அதைவிடப் பலமான டேனா 44 கிடைத்தால் நல்லதுதான். 1980களின் கடைசியில் வந்த சில செரோக்கிகளிலேயே அது உண்டு. ஆனால் எல்லோரும் அதையே தேடுவதால் விலை எட்டவில்லை. அதனால்தான் பலரும் ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர் வண்டியின் 8.8 என்ற பின் ஆக்சிலுக்குப் போகிறார்கள். உள்ளே இருக்கும் பெரிய பல் சக்கரமான கிரவுனின் விட்டம் 8.8 அங்குலம் என்பதால் அந்தப் பெயர். டேனா 35இல் அது ஏழரை அங்குலத்துக்குச் சற்றுதான் அதிகம். ஷாஃப்டில் 27 பல் இருந்த இடத்தில் 31 பல், அதற்கேற்ற பருமன். இதிலும் சி கிளிப்தான், அதை மறைக்கக் கூடாது. ஆனால் ஷாஃப்ட் அவ்வளவு சுலபத்தில் முறியாது. சக்கரத்துக்கு இரண்டிலும் ஐந்து போல்ட், நாலரை அங்குல வட்டம், ஆகவே சக்கரத்தை மாற்ற வேண்டியதில்லை. 1995 முதல் 2001 வரை வந்த எக்ஸ்ப்ளோரர்களில் டிஸ்க் பிரேக்கும் கூடவே வரும்.

இவ்வளவும் தெரிந்துகொண்டுதான் பழைய வண்டிகளைப் பிரித்து விற்கும் ஓர் இடத்துக்குப் போனேன். கழற்றிப் போட்ட ஆக்சில் ஒன்று கிடந்தது. ஆக்சிலின் கூடான ஹவுசிங்கின் பின் மூடியில் ஒரு போல்ட்டுக்கு அடியில் விரல் நீளத்துக்கு ஒரு தகடு இருக்கும், கிரவுனுக்கும் அதைச் சுற்றும் சிறிய பல் சக்கரமான பினியனுக்கும் உள்ள பல் விகிதம் அதில் பொறித்திருக்கும். அந்த ஆக்சிலில் தகடு இல்லை. கேட்டால், "3.55தான், தைரியமாக எடுத்துப் போங்க" என்றார்கள். என் முன் ஆக்சில் 3.55. நம்பி எடுத்து வந்தேன்.

வீட்டில் மூடியைத் திறந்து, மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்து, சாக்பீஸால் ஒரு பல்லில் கோடு போட்டு எண்ணினேன். கிரவுனில் 41, பினியனில் 10. அதாவது 4.10. இன்னொரு முறை எண்ணினேன். அதேதான். முன்னும் பின்னும் வெவ்வேறு விகிதம் இருந்தால் நாலு சக்கரமும் இழுக்கும்படி ஃபோர் வீல் போட்டதும் இரண்டு ஆக்சிலும் ஒன்றோடொன்று மல்லுக்கு நிற்கும், நடுவில் விசையை முன்னுக்கும் பின்னுக்கும் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ்தான் அடிபடும். முன்னதன் கிரவுன் பினியனை மாற்றலாமே என்பார்கள். புது செட், பேரிங், இடைவெளியைச் சரிசெய்யும் மெல்லிய ஷிம் தகடு, அதைச் சரியாக அமர்த்தத் தெரிந்த கைக்குக் கூலி என்று கூட்டிப் பார்த்தால் வாங்கிய ஆக்சிலின் விலையையே தாண்டுகிறது. விற்றவர்கள் திருப்பி எடுத்துக்கொள்ளவில்லை.

வாங்கும் இடத்திலேயே தெரிந்துகொள்ள வழி இருக்கிறது, அப்போது எனக்குத் தெரியாது. ஒரு பக்க டிஸ்க்கை அசையாமல் பிடித்துக்கொண்டு மறு பக்கத்தை முழுதாக இரண்டு சுற்றுச் சுற்ற வேண்டும். பினியன் மூன்றரைச் சுற்றுச் சுற்றினால் 3.55, நாலைத் தாண்டினால் 4.10. ஒரு பக்கத்தைச் சுற்றும்போது மறு பக்கமும் அதே திசையில் சுற்றினால் ஒரு சக்கரம் மட்டும் வீணாகச் சுழலாமல் தடுக்கும் லிமிடெட் ஸ்லிப் உள்ளே இருக்கிறது என்று அர்த்தம். அப்போது இரண்டையும் சேர்த்து ஒரே சுற்று. பிரிக்காத முழு வண்டியாகவே அங்கே நின்றால் இன்னும் சுலபம். ஓட்டுநர் கதவோரத்தில் ஒட்டிய லேபிளில் ஆக்சில் குறியீடு 45 அல்லது டி5 என்றிருந்தால் அது 3.55.

இரண்டாவது ஆக்சிலை அப்படி நின்ற வண்டியிலிருந்து நானே கழற்றினேன். முதல் தடவை விட்டுவந்ததையெல்லாம் சேர்த்து எடுத்தேன்: காலிப்பர், ஹேண்ட் பிரேக் கேபிள், பிரேக் குழாய், ஆக்சிலுக்கு விசையைக் கொண்டுவரும் நீளத் தண்டான புரொப்பல்லர் ஷாஃப்ட் முனையிலுள்ள வட்ட ஃபிளாஞ்ச். அந்த ஃபிளாஞ்ச் இருந்தால், ஒரு பக்கம் ஜீப்புக்கும் மறு பக்கம் ஃபோர்டுக்கும் பொருந்தும் கிராஸ் (சிலுவை வடிவ இணைப்பு) ஒன்றை வாங்கிப் பழைய புரொப்பல்லர் ஷாஃப்டையே ஓட்டலாம். தனித்தனியாக வாங்கப் போனால் இந்தச் சில்லறைச் சாமான்கள்தான் பையைக் காலி செய்யும். புதிதாக வாங்கியது ஸ்பிரிங் பட்டை உட்காரும் தாங்கிகளும் மூன்றேகால் அங்குலக் குழாய்க்கான யூ போல்ட்டும்தான். தாங்கியை முதலில் பொட்டு வைத்தது போல் ஒட்டி, வண்டியின் முழு எடையையும் சக்கரத்தில் இறக்கி, பினியன் கோணத்தைப் பார்த்த பிறகே முழு வெல்டிங். இதில் அவசரப்பட்டால் புரொப்பல்லர் ஷாஃப்ட் அதிரும்.

பழைய வண்டி பிரித்து விற்பவர்களும் உங்கள் பத்திரிகையைப் படிப்பார்கள். அவர்களிடம் கேட்பது இரண்டே. பின் மூடித் தகட்டைப் பிடுங்கி எறியாதீர்கள், விழுந்துவிட்டால் ஒரு கம்பியில் கோத்து ஆக்சிலிலேயே கட்டுங்கள். பிரேக் குழாயையும் கேபிளையும் கேஸ் கட்டரால் அறுக்காமல் ஸ்பேனர் போட்டுக் கழற்றுங்கள். அந்தக் கூலியைச் சேர்த்துக் கேட்டாலும் சந்தோஷமாகக் கொடுப்போம்.

அந்த 4.10 ஆக்சில் இன்னும் என் ஷெட்டில் தார்ப்பாய்க்கு அடியில் கிடக்கிறது. பல் எண்ணிக்கையைப் பெயின்டில் பெரிதாக எழுதி வைத்திருக்கிறேன், அடுத்து வாங்குகிறவருக்காக.

இப்படிக்கு,
நீண்ட நாள் வாசகர் ஒருவர்