மட்டவனை விளைமீன் என்று எழுதாதீர்கள்

திருகோணமலையில் மீன்பிடிப் பதிவுகளுக்குப் பொறுப்பாக உள்ள அதிகாரிகளுக்கு,

வணக்கம். சென்ற மாதம் எங்கள் இறங்குதுறைக்கு வந்த உங்கள் உத்தியோகத்தர், என் தோணியில் இருந்த ஏழு கிலோ மட்டவனை விளைமீன் நிரலில் எழுதினார். "தம்பி, இது விளைமீன் இல்லை, மட்டவன்" என்றேன். "மட்டவனுக்கு நிரல் இல்லை ஐயா" என்று சொல்லிவிட்டு அடுத்த தோணிக்குப் போய்விட்டார். அவர் மீது எனக்குக் கோபம் இல்லை. அந்தப் படிவத்தை அச்சடித்தவர்கள் மீது இருக்கிறது.

இந்தக் குறையை நாங்கள் இப்போதுதான் சொல்கிறோம் என்று நீங்கள் நினைக்கமாட்டீர்கள். கூட்டங்களில் சொல்லியிருக்கிறோம், எழுதியும் தந்திருக்கிறோம். ஆகவே பழைய கதையை விட்டுவிட்டு ஒரு நாளைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

என் மகள் உயர்தரத்தில் உயிரியல் படிக்கிறாள். பாடசாலைச் செயற்றிட்டத்துக்காகக் கொட்டியாரக் குடாவின் மீன்களைப் பட்டியலிட்டுக்கொண்டிருந்தாள். மட்டவனின் சரியான இனப்பெயரை உங்களைப் போன்றவர்களிடம் கேட்டு எழுதவேண்டும் என்று, கறுப்பு மட்டவன் ஒன்றையும் வெள்ளை மட்டவன் ஒன்றையும் ரெஜிபோம் பெட்டியில் ஐஸ் போட்டு எடுத்துக்கொண்டு காலை பஸ்ஸில் அலுவலகம் ஒன்றுக்குப் போனாள். ஒன்பது மணிக்குப் போய்ச் சேர்ந்தவள் பன்னிரண்டரை வரை வாங்கில் உட்கார்ந்திருந்தாள். ஐஸ் கரைந்து பெட்டியின் அடியால் ஒழுகியது. தரை நனைகிறது, வெளியே வைக்கச் சொன்னார்கள். வெயிலில் வைத்தாள். கடைசியில் ஒருவர் வந்து மூடியைப் பாதி திறந்து, "இரண்டும் விளைமீன் வகைதான் பிள்ளை" என்று சொல்லி மூடிவிட்டார். பெட்டிக்குள் இருந்தவை இரண்டு வேறு மீன்கள் என்பதையாவது அவர் பார்த்திருக்கலாம்.

வீட்டுக்கு வந்தபோது மீன் பழுதாகிவிட்டது. "அப்பா, தொட்டுப் பார்க்காமலே எப்படிச் சொல்லுகிறார்கள்?" என்று கேட்டாள். நான் என்ன பதில் சொல்வது? அன்று இரவு நாற்றத்தோடு நாற்றமாக விளக்கின் கீழே இரண்டு மீனையும் கிடத்தி, செட்டையைக் குண்டூசியால் விரித்துக் குத்தி, ஒவ்வொரு முள்ளாக எண்ணினாள். நானும் கூட இருந்து எண்ணினேன்.

கறுப்பு மட்டவனின் முதுகுச் செட்டையில் 11 முள், அதற்குப் பின்னால் 11 மென்கதிர், அதாவது குத்தாமல் வளையும் கதிர். குதச் செட்டையில் 3 முள், 8 மென்கதிர். அந்த மூன்றில் நடுமுள் மற்ற இரண்டையும் விடத் தடித்து நீண்டிருக்கும். வலையிலிருந்து கழற்றும்போது எங்கள் உள்ளங்கையைக் கிழிப்பது அதுதான். அதை அடையாளம் காண எங்களுக்குப் புத்தகம் தேவையில்லை. வெள்ளை மட்டவனுக்கு முதுகில் முள் அதே 11, மென்கதிர் 13. குதச் செட்டையில் மென்கதிர் 11. செதில் வரிசை நெடுகப் பொன்நிறக் கோடுகள் ஓடும், வயிற்றுச் செட்டையும் குதச் செட்டையும் மஞ்சள் படிந்திருக்கும். விளைமீனை எடுத்துப் பாருங்கள்: முதுகில் 10 முள், 9 மென்கதிர், கன்னத்தில் செதிலே இல்லை. மட்டவனின் கன்னத்தில் செதில் உண்டு. கன்னத்தை விரலால் ஒருமுறை தடவினாலே தெரிந்துவிடும். குடும்பமே வேறு. மட்டவன் ஸ்பாரிடே, விளைமீன் லெத்ரினிடே. ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை ஓர் இரவில் செய்த வேலை இது.

பெயரில் என்ன இருக்கிறது, மீன் விற்றால் போதாதா என்று என்னிடமே கேட்டவர்கள் உண்டு. கறுப்பு மட்டவன் ஆணாக வளர்ந்து, பெரிதானபின் பெண்ணாக மாறும் மீன். சிறியவற்றில் வெள்ளைச் சினையும் பெரியவற்றில் முட்டைச் சினையும் இருப்பதை வெட்டும்போது எங்கள் வீட்டுப் பெண்கள் எப்போதோ கண்டிருக்கிறார்கள். ஆப்பிரிக்கக் கரையில் இந்த மீன் முகத்துவாரங்களில் கூடி முட்டையிடுவதாக ஆய்வாளர்கள் பதிந்திருக்கிறார்கள். இங்கே உப்பாற்று வாயிலும் மகாவலி குடாவில் விழும் இடத்திலும் பெரிய மட்டவனைக் குறிவைத்து வலை போட்டால் அழிவது முட்டையிடும் தாய்மீன். விளைமீன் கணக்கில் கலந்துபோன மீனுக்கு எந்த அளவை, எந்தக் காலத்தை வைத்துக் கட்டுப்பாடு போடப்போகிறீர்கள்? குறைந்துபோனால்தான் யாருக்குத் தெரியப்போகிறது?

கறுப்பு மட்டவனின் அறிவியல் பெயரில் வரும் பெர்டா என்ற இனப்பெயரை, 1775இல் வெளிவந்த இயற்கை ஆய்வாளர் ஃபோர்ஸ்கோலின் விவரிப்பு தந்தது. அவர் யேமனில் 1763இலேயே காய்ச்சலில் இறந்துவிட்டார். அவருடைய குறிப்புகளை அந்தப் பயணத்தில் கூடப் போனவர் அச்சேற்றினார். செங்கடல் மீனுக்கு வைத்த அந்தப் பெயரையே பசிபிக் மீனுக்கும் நெடுங்காலம் வழங்கினார்கள். 2010இல்தான் செதில் வரிசையை எண்ணி ஒப்பிட்டுப் பார்த்து, பசிபிக் மீன் வேறு இனம் என்று பிரித்து அதற்குப் புதுப்பெயர் வைத்தார்கள். எண்ணிப் பார்த்தால்தான் தெரியும். எங்கள் குடா மீனை எண்ண எங்கள் துறைக்கு ஒருவரும் வந்து நான் கண்டதில்லை.

இன்னொன்றையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. எங்களுக்கு வரும் மீன் விளக்கப் படங்கள் ஆங்கிலத்தில் வருகின்றன. கடலில் நிற்பவனுக்கும் கூறி விற்பவனுக்கும் வீட்டில் மீன் வெட்டுகிறவளுக்கும் அதனால் என்ன பயன்? கிண்ணியாவிலும் மூதூரிலும் சல்லியிலும் ஒவ்வொரு மீனுக்கும் தமிழ்ப் பெயர் இருக்கிறது. அவற்றைக் கேட்டு எழுத ஒரு கொப்பியும் ஒரு நாளும் போதும். சூடாகிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தாழ்மையோடு கேட்கிறேன். எங்கள் குடாவின் மட்டவனை இனங்கண்டு, விவரித்து, தமிழில் எழுதித் தாருங்கள். கறுப்புக்கும் வெள்ளைக்கும் படிவத்தில் தனித்தனி நிரல் போடுங்கள். விடிய ஐந்து மணிக்கு எங்கள் துறைக்கு வந்தால் ஐஸில் வைக்காத புதுமீன் கிடைக்கும். எண்ணிக் காட்ட என் மகள் இருப்பாள். குண்டூசியை அவளே கொண்டுவருவாள்.

இப்படிக்கு,
கொட்டியாரக் குடாவில் தொழில் செய்யும் மீனவன் ஒருவன்