பண்டிகைப் பலகாரத்தை அம்மா தலையிலேயே கட்ட வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் நாளிதழோடு ஞாயிற்றுக்கிழமை வந்த கிறிஸ்துமஸ் இணைப்பை ஒரு பக்கம் விடாமல் படித்தேன். குடில் படங்கள், பழைய கால பஜனை பற்றிய கட்டுரை, பலகாரக் குறிப்புகள் எல்லாமே நன்றாக இருந்தன. ஆனால் பலகாரப் பக்கத்துக்கு மேலே 'இல்லத்தரசிகளுக்காக' என்று தலைப்புப் போட்டிருக்கிறீர்கள். அதைப் பார்த்துவிட்டுச் சும்மா இருக்க மனசு வரவில்லை, அதனால்தான் இந்தக் கடிதம்.

நான் தூத்துக்குடி மாவட்டம் நாசரேத் பக்கத்துக் கிராமத்தில் பிறந்து வளர்ந்தவள், இப்போது தாம்பரத்தில் இருக்கிறேன். டிசம்பர் பிறந்தாலே எங்கள் ஊரில் ஒரு வீடும் பழையபடி இருக்காது. வெள்ளையடித்து முடித்ததும் அப்பாவும் சித்தப்பாவும் மூங்கிலைப் பிளந்து ஸ்டார் கட்டுவார்கள், நாங்கள் கலர் பேப்பர் ஒட்டுவோம், உள்ளே ஜீரோ வாட் பல்பைப் போட்டு வேப்பமரத்தில் ஏற்றியாயிற்று என்றால் பண்டிகை வந்துவிட்டது என்று அர்த்தம். விடியற்காலையில் ஆர்மோனியமும் ஜால்ராவுமாகப் பஜனை வரும். வேதநாயகம் சாஸ்திரியார் கீர்த்தனைகளை நான் பாட்டுப் புத்தகம் பார்த்துக் கற்றதே கிடையாது, பாதித் தூக்கத்தில் தெருவிலிருந்து கேட்டே மனப்பாடம் ஆனது. வந்த வாழ்த்து அட்டைகளை நூலில் கோத்து வீட்டின் குறுக்கே தொங்கவிடுவோம். எல்லார் சட்டையும் பாவாடையும் ஒரே டெய்லர் கடையில் கிடக்கும், அவர் இருபத்துநாலாம் தேதி ராத்திரி வரைக்கும் 'இதோ ஆயிருச்சு' என்று சொல்லிக்கொண்டே இருப்பார்.

இதையெல்லாம் நினைத்தால் இன்றைக்கும் சந்தோஷம்தான். ஆனால் இந்தப் படத்தில் அம்மா எங்கே என்று தேடினால் அடுப்படியில்தான் இருக்கிறாள்.

அச்சு முறுக்கு சுட்டவர்களுக்குத் தெரியும். பச்சரிசியை ஊறவைத்து, உலர்த்தி, இடித்துச் சலிக்க வேண்டும். தேங்காய்ப் பால், முட்டை, சர்க்கரை, எள் சேர்த்துப் பதமாகக் கரைக்க வேண்டும். அச்சு எண்ணெயிலேயே கிடந்து சூடேற வேண்டும், சூடு போதாவிட்டால் மாவு ஒட்டாது. முக்கால் அச்சுக்கு மேல் மாவில் முங்கக் கூடாது, முங்கினால் மேலே மூடிக்கொண்டு கழலவே கழலாது, கம்பி வைத்துக் குத்தித்தான் எடுக்க வேண்டும். ஒரு தடவைக்கு ஒரு முறுக்குதான் வரும். அம்மா அப்படி ஒவ்வொன்றாக ரெண்டு பெரிய டின் நிறையச் சுடுவாள். அது முடிந்தால் முந்திரிக்கொத்து, சிறுபயறை வறுத்துத் திரித்து, உடன்குடிக் கருப்பட்டியைப் பாகு காய்ச்சி, கைபொறுக்கும் சூட்டிலேயே உருண்டை பிடித்தாக வேண்டும், ஆறினால் உதிர்ந்துவிடும். அம்மாவின் உள்ளங்கை அந்த வாரம் முழுக்கச் சிவந்தே கிடக்கும். புகையில் கண்ணும் அப்படித்தான்.

இருபத்தைந்தாம் தேதி விடியும் முன்பே ஆராதனை. நாங்கள் புதுச்சட்டையோடு முன்வரிசைக்கு ஓடுவோம். ராத்திரி முழுக்க அடுப்பில் நின்ற அம்மா எல்லாரையும் கிளப்பிவிட்டு, கறிக்கு மசாலா அரைத்து வைத்துவிட்டு, பிரசங்கம் ஆரம்பித்த பிறகுதான் கடைசி வரிசையில் வந்து உட்காருவாள், உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் தலை சாய்ந்துவிடும். பண்டிகையின் அந்த ஒரு மணி நேரம்கூட அவளுக்கு முழுதாகக் கிடைக்கவில்லை. இதை எங்கள் வீட்டுக் கதை என்று மட்டும் நினைக்க வேண்டாம், கடைசி வரிசை முழுக்க அந்த வயதுப் பெண்கள்தான் இருந்தார்கள்.

ஆண்களுக்குச் சமைக்கத் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. எங்கள் பக்கம் கோவில் அசனம், அதாவது சபையார் எல்லாருக்குமான விருந்து என்றால் அண்டா அண்டாவாகச் சோறு வடிப்பதும், கறிக்குழம்பைத் துடுப்புப் போட்டுக் கிண்டுவதும், பந்தியில் வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடுவதும் ஆண்கள்தான். ஊருக்கே சமைத்துப் போடுகிற அதே கை வீட்டு அடுப்புப் பக்கம் மட்டும் ஏன் வருவதில்லை? 1895லேயே பெண்களுக்கென்று சாரா டக்கர் கல்லூரி வந்த பாளையங்கோட்டை எங்களுக்குப் பக்கம்தான். பெண்ணைப் படிக்க வைப்பதில் முந்திக்கொண்ட சமுதாயம் அவளைப் பண்டிகை நாளில் உட்கார வைப்பதிலும் முந்திக்கொண்டிருக்கலாமே என்ற ஆதங்கம் எனக்கு நிறையவே உண்டு.

பாரம்பரியம் என்று சொல்லி இதை மாற்றக் கூடாது என்பவர்கள் இருக்கிறார்கள். நாம் இன்று பழசு என்று சொல்கிற எல்லாமே ஒரு நாள் யாரோ புதுசாக ஆரம்பித்ததுதான். பிரான்சிஸ் அசிசியார் இத்தாலியில் கிரேச்சோ என்ற ஊரில் 1223ல் மாட்டையும் கழுதையையும் நிறுத்திப் பிறப்புக் காட்சியை வைத்தார், இன்று தெருத்தெருவாக வைக்கும் குடில்களுக்கு அதுதான் முன்மாதிரி. கடையில் வாங்கி அனுப்பும் வாழ்த்து அட்டை 1843ல் லண்டனில் ஹென்றி கோல் என்பவர் அச்சடித்து விற்றதிலிருந்து வந்தது. அந்த அட்டையே இப்போது போன் செய்தியாகிவிட்டது, அதை யாரும் தடுக்கவில்லை. அடுப்படி மட்டும் ஏன் மாறக் கூடாது?

எங்கள் வீட்டில் என்ன செய்கிறோம் என்று சொல்கிறேன், பெருமைக்காக இல்லை, யாருக்காவது உபயோகப்படுமே என்றுதான். பலகாரம் இப்போது ஒரே வேலைதான், அச்சு முறுக்கு மட்டும். பண்டிகைக்கு முந்தைய ஞாயிறு கோவில் முடிந்து வந்ததும் என் வீட்டுக்காரர், மகன், தம்பி, தம்பி பொண்டாட்டி, மகள் எல்லாரும் ஹாலில் பேப்பர் விரித்து உட்கார்ந்துவிடுவோம். மாவு கரைப்பது என் பொறுப்பு, அடுப்புக்கு முன்னால் நிற்பது ஆண்கள் மூணு பேரும் மாற்றி மாற்றி. மகன் சுடும் முறுக்கு முதலில் கருகித்தான் வந்தது, இப்போது என்னை விட மெல்லிசாக எடுக்கிறான். முந்திரிக்கொத்து ஊரிலிருந்து விலைக்கு வாங்கிவிடுகிறோம், அங்கே பெண்கள் சேர்ந்து சுட்டு விற்கிறார்கள், செய்த வேலைக்கு அவர்கள் கையில் காசு போகிறது. கிறிஸ்துமஸ் அன்று மத்தியானம் பிரியாணி ஆண்கள் பொறுப்பு. பக்கத்து வீடுகளுக்குத் தட்டு கொண்டு போவது பிள்ளைகள், தீபாவளிக்கும் ரம்ஜானுக்கும் நம் வீட்டுக்கு வந்த பாத்திரம் எது எந்த வீட்டுடையது என்று அவர்களுக்கு அத்துபடி.

அம்மா இதை லேசில் ஒத்துக்கொள்ளவில்லை. மருமகன் கரண்டி பிடிப்பதைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டாள். 'நான் ஒண்ணுக்கும் உதவாதவளாப் போயிட்டேனா' என்றுகூடக் கேட்டாள். அந்த வருத்தத்தில் நியாயம் இருக்கிறது. வருஷம் முழுக்க யாரும் கண்டுகொள்ளாத அவளுடைய கைப்பக்குவத்துக்கு அந்த ஒரு வாரம்தான் மதிப்பு இருந்தது, அதையும் பிடுங்கினால் வலிக்காதா? அதனால் இப்போது அடுப்புக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார வைத்திருக்கிறோம், பதம் அவள் சொன்னால்தான் முதல் அச்சு எண்ணெயில் இறங்கும். கோவிலுக்கும் எங்களோடு சேர்ந்தே கிளம்புகிறாள், பாட்டு ஒன்றுகூட விடாமல் பாடுகிறாள்.

உங்களிடம் கேட்பது பெரிய காரியம் இல்லை. அடுத்த இணைப்பில் அந்தப் பக்கத்துக்கு 'வீட்டிலுள்ள எல்லாருக்கும்' என்று தலைப்புப் போடுங்கள், பலகாரம் சுடுகிற ஒரு அப்பா, ஒரு மகன் படத்தையும் சேர்த்துப் போடுங்கள். பேப்பரில் வந்தால் எங்கள் ஊர்ப் பெரியவர்கள் காது கொடுப்பார்கள். அப்புறம் இன்னொன்று, அச்சு முறுக்குக்கு மைதா மாவு என்று குறிப்பில் போட்டிருக்கிறீர்கள். தெக்கத்தி அச்சு முறுக்குக்குப் பச்சரிசி மாவுதான், தயவுசெய்து திருத்தம் வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
கிழக்குத் தாம்பரம்