நீச்சல் குளத்தில் பெற்றோரின் இடம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பள்ளி வயதுப் பிள்ளைகளின் நீச்சல் பயிற்சியில் பெற்றோர் எந்த அளவுக்குத் தலையிடலாம் என்பது குறித்து, தங்கள் நாளிதழ் வாயிலாகச் சில கருத்துகளை முன்வைக்க விரும்புகிறேன். மாவட்ட அளவிலான சிறார் நீச்சல் போட்டிகளில் நேரக் காப்பாளராகப் பணியாற்றி வருவதால், தடத்தின் முடிவில் நின்று குழந்தைகளின் முகத்தை மிக அருகில் பார்க்கும் வாய்ப்பு எனக்கு உண்டு. சுவரைத் தொட்ட மறுகணம், மூச்சு வாங்கக்கூட நேரம் எடுத்துக்கொள்ளாமல், பல குழந்தைகள் பார்வையாளர் வரிசையைத்தான் திரும்பிப் பார்க்கின்றனர். அங்கே அப்பாவோ அம்மாவோ கைப்பேசியில் நேரம் பிடித்தபடி நின்றுகொண்டிருப்பார்கள். அவர்கள் உதட்டைப் பிதுக்கினால், முந்தைய போட்டியை விட நன்றாக நீந்திய குழந்தையும் தலையைக் குனிந்துகொண்டு படியேறிப் போகிறது.

இந்தப் பெற்றோரின் அக்கறையை நான் குறைத்து மதிப்பிடவில்லை. விடிவதற்கு முன்பே பிள்ளையை எழுப்பி, சீருடையையும் சாப்பாட்டையும் பையில் எடுத்துக்கொண்டு, இருசக்கர வாகனத்தில் அழைத்து வந்து, பயிற்சி முடியும் வரை காத்திருந்து அங்கிருந்தே பள்ளியில் கொண்டுபோய் விடுவது எளிதான காரியமன்று. பயிற்சிக் கட்டணம், நீச்சலுடை, வெளியூர்ப் போட்டிகளுக்கான பயணச் செலவு ஆகியவற்றோடு, பொறியியல் சேர்க்கையில் விளையாட்டு வீரர்களுக்கென இருக்கும் ஒதுக்கீட்டைப் பற்றிய எதிர்பார்ப்பும் பெற்றோரின் மனத்தில் இருக்கிறது. முப்பது நாற்பது பிள்ளைகளை ஒரே வேளையில் கவனிக்கும் பயிற்சியாளர், தம் பிள்ளைக்கு இந்த மாதம் என்ன கற்றுத்தருகிறார், ஏன் கற்றுத்தருகிறார் என்பதை யாரும் சொல்லாத நிலையில், அந்த வெற்றிடத்தைப் பெற்றோர் தாமே நிரப்ப முயல்கின்றனர். குறை அங்கிருந்துதான் தொடங்குகிறது.

மார்பு நீச்சலை எடுத்துக்கொள்வோம். கையை இழுத்து, மூச்செடுத்து, காலை உதைத்த பிறகு, உடலை நீட்டி ஒரு கணம் நீரில் வழுக்கிச் செல்வதே அதன் உயிர்நாடி. பயிற்சியாளர் வாரக்கணக்கில் அந்த ஒரு கணத்தைப் பழக்கிக்கொண்டிருப்பார். மேலே வரிசையிலிருந்து ‘வேகமா, இன்னும் வேகமா’ என்ற குரல் வரும். குழந்தை உடனே அந்தக் கணத்தைக் கைவிட்டு, கையைப் படபடவென்று அடிக்கத் தொடங்கும். வீச்சுகளின் எண்ணிக்கை கூடும், நீளத்தைக் கடக்கும் நேரமும் கூடும். இந்த நீச்சலில் திரும்பும்போதும் முடிக்கும்போதும் இரு கைகளும் ஒரே நேரத்தில் சுவரைத் தொட வேண்டும் என்பது விதி. பதற்றத்தில் ஒரு கை முந்தியதால் தகுதி நீக்கம் செய்யப்பட்ட பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு விதி தெரியாமல் இல்லை. கடைசி ஐந்து மீட்டரில் யாருடைய சொல்லைக் கேட்பது என்றுதான் அவர்களுக்குத் தெரியவில்லை.

இதைவிடக் கவலை தருவது, பயிற்சியாளருக்குத் தெரியாமல் நடக்கும் கூடுதல் பயிற்சி. பெரிய போட்டிக்கு முந்தைய நாட்களில் நீந்தும் தூரத்தைப் படிப்படியாகக் குறைத்து உடலுக்கு ஓய்வு தருவது உலகெங்கும் உள்ள வழக்கம். பயிற்சியாளர் சோம்பலாகிவிட்டார் என்று எண்ணி, மாலையில் அடுக்குமாடிக் குடியிருப்பின் குளத்தில் பிள்ளையை மீண்டும் இறக்கிவிடும் பெற்றோர் இருக்கிறார்கள். ஒரு குழந்தை 25 மீட்டர் நீளத்தைக் கடக்க ஏறத்தாழ 20 முறை கை வீசுகிறது என்று கொண்டால், இரண்டு கிலோமீட்டருக்கு 1,600 வீச்சு. ஒவ்வொரு தோளுக்கும் 800. வளர்ந்துகொண்டிருக்கும் ஒரு தோள்மூட்டின் மீது, காலையில் இத்தனை, மாலையில் இன்னும் இத்தனை என்று சுமையேற்றினால் என்னவாகும் என்பதை எலும்பு மூட்டு மருத்துவரிடம் கேட்டறிவது நல்லது. வலி வந்த பிறகு பிள்ளை அதைப் பயிற்சியாளரிடம் சொல்வதுமில்லை. சொன்னால் மாலைப் பயிற்சி வெளியே தெரிந்துவிடுமே!

நேரத்தை ஒப்பிடுவதிலும் பெரும் அநீதி நடக்கிறது. 25 மீட்டர் குளத்தில் திருப்பங்கள் அதிகம் என்பதால், ஒவ்வொரு முறையும் சுவரை உதைத்துப் பெறும் வேகமும் அதிகம். அங்கே பதிவான நேரத்தை 50 மீட்டர் குளத்தில் எதிர்பார்த்து, பிள்ளை பின்தங்கிவிட்டதாகக் கடிந்துகொள்வது முறையன்று. பருவ வளர்ச்சியும் எல்லோருக்கும் ஒரே வயதில் வருவதில்லை. முன்கூட்டியே உயர்ந்துவிட்ட பிள்ளை 12 வயதில் எல்லாப் பதக்கங்களையும் வெல்லும். தாமதமாக வளரும் பிள்ளை, நுட்பத்தில் சிறந்திருந்தும், இரண்டு மூன்று ஆண்டுகள் ஆறாவது ஏழாவது இடத்தில் நிற்கும். கைகால்கள் திடீரென நீளும் காலத்தில், பழகிய நீச்சலே குலைந்து நேரம் அப்படியே நின்றுவிடுவதும் உண்டு. இதை அறியாமல் அந்த மாதங்களில் வசைபாடப்பட்ட பிள்ளைகள்தாம் பத்தாம் வகுப்பைக் காரணம் காட்டி நீச்சலை விட்டு விலகுகின்றனர்.

பாரிஸில் 2024-ஆம் ஆண்டு நடந்த ஒலிம்பிக்கில் தனிநபர் பிரிவில் நான்கு தங்கம் வென்றவர் பிரான்சின் லியோன் மர்ஷாந்த்; அவற்றில் இரண்டை ஒரே மாலையில் வென்றார். அவருடைய தந்தை சேவியர், தாய் செலின் பொனே இருவருமே ஒலிம்பிக்கில் நீந்தியவர்கள். மகனுக்குக் கற்றுத்தர அவர்களுக்கு இல்லாத தகுதியா? ஆனால் துலூஸ் நகரில் நிக்கோலா காஸ்டெல், பின்னர் அமெரிக்காவில் பாப் பௌமன் எனப் பயிற்சியாளர்களின் கையில்தான் அவர் உருவானார். நம் பக்கத்து எடுத்துக்காட்டு நெய்வேலியில் வளர்ந்த சஜன் பிரகாஷ். 2021-ஆம் ஆண்டு ரோமில் 200 மீட்டர் வண்ணத்துப்பூச்சி நீச்சலை 1 நிமிடம் 56.38 விநாடியில் முடித்து, ஒலிம்பிக்கிற்கு நேரடித் தகுதிக்கான ‘ஏ’ அளவை எட்டிய முதல் இந்திய நீச்சல் வீரர் ஆனார். அவருடைய தாயார் தடகள வீராங்கனை. விளையாட்டின் அருமையும் வலியும் அறிந்தவர். வீட்டில் அந்த ஆதரவு இருந்தது. நீச்சலைக் கற்றுத்தர வேறு ஆசான்கள் இருந்தனர்.

இதையெல்லாம் சொல்வதால், பெற்றோரைப் பார்வையாளர் வரிசையிலிருந்து அப்புறப்படுத்த வேண்டும் என்று யாரும் பொருள் கொள்ளக் கூடாது. பயிற்சி நடக்கும்போது பெற்றோரை உள்ளே விடாத குளங்களை நான் கடுமையாக எதிர்க்கிறேன். பிள்ளைகளின் பாதுகாப்பு முதன்மையானது; போக்சோ சட்டம் நடைமுறைக்கு வந்து பல ஆண்டுகளான பின்னும், உடை மாற்றும் அறைக்குப் பொறுப்பாக ஒரு பெண் பணியாளர்கூட இல்லாத குளங்கள் இருக்கின்றன. பெண் பயிற்சியாளர்கள் குறைவாக இருக்கும் இத்துறையில், மாதவிலக்கு நாட்களைப் பற்றி ஒரு சிறுமிக்காகப் பயிற்சியாளரிடம் பேசத் தாய்தான் இருக்கிறார். பெற்றோர் பார்க்கட்டும், கேட்கட்டும், தவறு கண்டால் தட்டிக்கேட்கட்டும். பிள்ளை நீருக்குள் இருக்கும் நேரத்தில் குரல் கொடுக்காமல் இருந்தால் போதும்.

அதற்கு ஈடாகப் பயிற்சி மையங்கள் ஒன்றைச் செய்தாக வேண்டும். மாதம் ஒருமுறை பெற்றோரை அழைத்து, ஒவ்வொரு பிரிவும் எதைப் பழகுகிறது, அடுத்த போட்டி எது, எந்த வாரத்தில் தூரம் குறைக்கப்படும் என்பதை எழுத்தில் தர வேண்டும். நீச்சலில் உண்மையான தேர்ச்சியும் ஆர்வமும் உள்ள பெற்றோர், பாட்டியாலா தேசிய விளையாட்டு நிறுவனத்தின் சான்றிதழ்ப் படிப்பை முடித்து, தம் பிள்ளை இல்லாத பிரிவுக்குப் பயிற்சி அளிக்க முன்வரலாம். ஏனையோருக்கு நேரக் காப்பாளர் பணி இருக்கிறது. மின்னணுத் தொடுபலகை இல்லாத குளங்களில் ஒரு தடத்துக்கு மூவர் நேரம் குறிக்க வேண்டும். மூன்றும் வேறுபட்டால் நடுவிலுள்ளதே கணக்கு. அத்தனை பேர் கிடைக்காமல் எத்தனையோ போட்டிகள் தாமதமாகத் தொடங்குகின்றன.

எனவே, தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையமும் மாவட்ட நீச்சல் சங்கங்களும், வரும் கோடைப் பயிற்சி முகாம்களின் முதல் நாளிலேயே பெற்றோருக்கென ஒரு மணி நேரக் கூட்டம் நடத்தி, விதிகளையும் நேரம் குறிக்கும் முறையையும் கற்றுத்தர ஏற்பாடு செய்ய வேண்டும் எனத் தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
நீச்சல் போட்டி நேரக் காப்பாளர் ஒருவர்,
சென்னை.