அந்தச் சுண்ணாம்பைப் புதைக்கச் சொன்னது யார்?

ஆசிரியருக்கு வணக்கம்.

'படைப்புக்கு ஒரு நோக்கம் இல்லையென்றால் மனித வாழ்வுக்கும் பொருள் இல்லை' என்று முடிந்திருந்தது சென்ற இதழ்க் கட்டுரை. என்னால் அதை ஏற்க முடியவில்லை.

என் தங்கை நோயில் இறந்தபோது, 'எல்லாம் ஒரு காரணத்தோடுதான் நடக்கிறது' என்று பலரும் சொன்னார்கள். அன்பாகத்தான் சொன்னார்கள். ஆனால், அவள் சாவை நியாயப்படுத்தும் கணக்கு ஒன்று எங்கோ எழுதி வைக்கப்பட்டிருக்கிறது என்ற நினைப்பே என்னைத் தூங்கவிடவில்லை. அப்படி ஒரு கணக்கே கிடையாது என்று மனம் ஒப்பிய பிறகுதான் நிம்மதியாக அழ முடிந்தது.

அந்த நாட்களில் எனக்குத் துணையாக இருந்தவர் டார்வின். 1842 டிசம்பரில் தன் வீட்டருகே ஒரு வயலில் சுண்ணாம்புத் துண்டுகளைப் பரப்பினார். மண்புழுக்கள் மண்ணை மேலே தள்ளத் தள்ள, அந்தச் சுண்ணாம்பு எவ்வளவு ஆழம் போகும் என்று தெரிந்துகொள்ள ஆசை. 29 ஆண்டுகள் காத்திருந்து, 1871-ல் பள்ளம் தோண்டிப் பார்த்தார். சுண்ணாம்பு 7 அங்குலம் கீழே இருந்தது!

இதற்கு நடுவில், 1851-ல், அவருடைய மகள் ஆனி பத்து வயதில் இறந்துபோனாள். முன்கூட்டியே வகுத்த திட்டம் இல்லாமலே உயிரினங்கள் இத்தனை வகையாகப் பெருக முடியும் என்று 1859-ல் உலகுக்குச் சொன்னவரும் அவர்தான். சொல்லிவிட்டுச் சோர்ந்து உட்காரவில்லை. புழுத் தொட்டிகளைப் பியானோவின் மேல் வைத்து ஒலி எழுப்பச் செய்தார். ஊதல் சத்தத்துக்கு அசையாத புழுக்கள், பியானோவின் அதிர்வு பட்டதும் வளைக்குள் ஓடி ஒளிந்தன. 1881-ல், இறப்பதற்கு முந்தைய ஆண்டு, மண்புழுக்களைப் பற்றியே ஒரு நூல் வெளியிட்டார்.

அந்தச் சுண்ணாம்பு எவ்வளவு ஆழம் போனால் பிரபஞ்சத்துக்கு என்ன? பார்க்க வேண்டும் என்ற ஆவல் முழுக்க அவருடையது. அதை வெறுமை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பொருள் என்பது மேலிருந்து வந்தால்தான் உண்டு என்றால், ஒரு மனிதர் 29 ஆண்டுகள் ஒரு வயலை மனதில் வைத்திருந்ததை என்னவென்று சொல்வது? கட்டுரையாளர் இதற்குப் பதில் எழுதினால் மகிழ்வேன்.

என் தங்கை பக்கத்து வீட்டுச் சிறுமிக்குப் பின்னக் கணக்கு சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். பாதியில் நின்றுபோனது. அதே நோட்டை வைத்துக்கொண்டு இப்போது நான் சொல்லித் தருகிறேன். கூட்டல், கழித்தல் சரியாக வந்துவிட்டது. வகுத்தலில்தான் இன்னும் தடுமாறுகிறாள். நாளை மாலையும் வருவாள்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்